தரையைத் துடைக்கலாம், காலை?

"யாராக இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். இதில் விலக்கே கிடையாது." கட்சி, மதம், சாதி எல்லாவற்றையும் தாண்டித் தமிழர்கள் ஒத்துப்போகும் கருத்துகள் மிகச் சில. அவற்றில் இதுவும் ஒன்று. அடுக்குமாடிக் கதவுகளில் பலகையாகத் தொங்குகிறது. குழந்தைக்கு நடை பழக்கும்போதே கற்றுத்தரப்படுகிறது. மீறியவரைப் பற்றி, அவர் கிளம்பிப் போன பிறகு வீடே பேசுகிறது.

இந்தக் கருத்துக்குப் பின்னால் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தெருவில் சாணம் கிடக்கிறது, எச்சில் கிடக்கிறது, மழை பெய்தால் சாக்கடையும் சாலையும் ஒன்றாகிவிடுகின்றன. நாம் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், பாய் விரித்துப் படுக்கிறவர்கள். அதே தரையில்தான் குழந்தை தவழ்கிறது. கீழே விழுந்த முறுக்கை எடுத்து வாயில் வைக்கிறது. காலையில் குனிந்து பெருக்கித் துடைத்த பெண்ணின் உழைப்பின்மேல் சேற்றுத் தடம் பதிப்பது அவளை மதியாத செயல். இவை அத்தனையும் உண்மை. நானும் கழற்றிவிட்டுத்தான் போகிறேன். வழக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. அதன் வாலில் நாமாக ஒட்டவைத்த "விலக்கே கிடையாது" என்ற இரண்டு சொற்களோடுதான் சண்டை. அந்த இரண்டு சொற்கள் என்ன செய்யும் என்பதை எங்கள் குடும்பத்தில் பார்த்துவிட்டேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் புதுமனை புகுவிழா. சித்தப்பாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. பாதம் மரத்துப்போயிருந்ததால் டாக்டர் எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்திருந்தார். கறுப்பு நிறம், உள்ளே மெத்தென்ற ரப்பர், குதிகாலைச் சுற்றி ஒரு வார். கால் மரத்தவருக்குச் செருப்பு நழுவிப்போனாலும் தெரியாது; அந்த வார் அதற்காக. வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றவன் நான். "செருப்பை அங்கேயே விட்டுட்டு வாங்க சித்தப்பா, உள்ளே ஹோமம் நடக்குது" என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக் குனிந்து வாரைப் பிரித்தார். மாடியில் குளியலறைக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை முந்தின நாள்தான் முடிந்திருந்தது. வந்தவர்கள் எல்லாரும் போல அவரும் மாடி ஏறி வீட்டைச் சுற்றிப் பார்த்தார், பந்தியில் சாப்பிட்டார், தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு கிளம்பினார். இரவு படுக்கை விரிப்பில் ரத்தத்தைப் பார்த்தது சித்திதான். விரல்களுக்குக் கீழே, பாதத்தில், நகத்தளவு டைல்ஸ் சில்லு ஒன்று முழுதாக இறங்கியிருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. ஐந்து வாரம் கழித்து இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

விலக்கு கிடையாது என்பவர்கள் சொல்லும் காரணங்களை இனி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

1. சுத்தம் என்கிறீர்கள். சரி, எது சுத்தம்?

ஊரிலிருந்து விருந்தினர் வருகிறார். ரயிலடி, பேருந்து நிலையம், ஆட்டோ நிறுத்தம் என்று எல்லா இடத்திலும் உருண்டு வந்த பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறார். செருப்பை வெளியே விடச் சொல்கிறோம். பெட்டியின் நான்கு சக்கரங்களும் கூடத்தைக் கடந்து படுக்கையறைக்குப் போகின்றன. பிறகு அதே பெட்டி கட்டில்மேல் ஏறித் திறக்கப்படுகிறது. யாரும் முகம் சுளிப்பதில்லை. லாரியிலும் தெருவோரத்திலும் நின்ற எரிவாயு உருளை நேராகச் சமையலறைக்குப் போகிறது. சந்தைப் பை மேடைமேல் உட்காருகிறது.

வாசலையே பாருங்கள். அடுக்குமாடியில் செருப்பைக் கழற்றும் இடம் கதவிலிருந்து நான்கடி தள்ளி இருக்கிறது. அந்த நான்கடியும் மற்ற வீட்டுக்காரர்கள் செருப்போடு நடக்கும் பொதுவழி. அதில் வெறுங்காலால் நடந்து, அந்தத் தூசியோடுதான் உள்ளே வருகிறோம். மழை நாளில் ஈரப் பாதத்தோடு வருகிறோம். இது சுத்தம் என்றால், ஈரத் துணியால் அடி துடைத்த செருப்பு எந்த வகையில் அசுத்தம்?

நோய்க் கிருமி என்று வாதாடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கொக்கிப்புழு மண்ணிலிருந்து மனித உடலுக்குள் நுழையும் முக்கிய வழி வெறும் பாதத்தின் தோல். அதனால்தான் பொதுச் சுகாதாரக்காரர்கள் கிராமம் கிராமமாகப் போய்ச் செருப்புப் போடச் சொன்னார்கள். நோயைக் கொண்டுவரும் செருப்புதான் நோயைத் தடுக்கவும் செய்கிறது. அதன் அடிப்பக்கம் தரைக்கு ஆபத்து என்றால், அதன் மேல்பக்கம் காலுக்குக் காவல். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அதற்குச் சுகாதாரம் என்று பெயர் வைக்க முடியாது.

2. "கொஞ்ச நேரம்தானே, அதற்குள் என்ன ஆகிவிடும்?" என்ன ஆகும் என்று மருத்துவம் எப்போதோ சொல்லிவிட்டது.

சர்க்கரை மருத்துவர்கள் ஒரு நைலான் இழையால் பாதத்தைச் சோதிப்பார்கள். 10 கிராம் அழுத்தத்தில் அது வளையும். அந்தத் தொடுகை தெரியாத பாதம் காவலற்ற பாதம். சில்லு குத்தினாலும், சூடு பட்டாலும், செருப்புக்கடி புண்ணானாலும் மூளைக்குச் செய்தி போகாது. இப்படிப்பட்டவர்களுக்குச் சர்வதேச நீரிழிவுப் பாத வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: வெறுங்காலோடு நடக்காதே, வெறும் காலுறையோடும் நடக்காதே, மெல்லிய அடியுள்ள செருப்போடும் நடக்காதே, வெளியில் மட்டுமல்ல, வீட்டுக்குள்ளும். "கொஞ்ச நேரம் பரவாயில்லை" என்ற வரி அந்த வழிகாட்டுதலில் இல்லை. சில்லு குத்த ஒரு நொடி போதும்.

இவர்கள் எங்கோ ஒருவர் இருவர் என்று நினைக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர், வயதுவந்தோரில் 11.4 விழுக்காடு. சர்க்கரை நோயாளிகளில் 19 முதல் 34 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது பாதத்தில் புண் வரும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் 1.9 கோடிப் பேர். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு முந்நூறு பேரை அழைத்திருந்தால், அந்தக் கூட்டத்தில் இப்படிப்பட்ட கால்கள் கட்டாயம் இருக்கும்.

மரத்த பாதத்துக்குக் காவல் வேண்டும் என்பதைக் கண்டுபிடித்துச் சொன்ன இடங்களில் முக்கியமானது நம் வேலூர். 1946-ல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் போகின்றன என்று ஆராய்ந்தார். நோய் விரலைத் தின்றுவிடுகிறது என்றுதான் அதுவரை பலரும் நம்பினார்கள். நோய் உணர்வைத்தான் எடுக்கிறது. உணராத காயமும் தொற்றும்தான் விரலை எடுக்கின்றன என்று அவர் காட்டினார். அதிலிருந்துதான் மெத்தென்ற ரப்பர் செருப்பு பாதம் மரத்த நோயாளிகளுக்கு மருந்துபோல ஆனது. ஊன்றுகோலையோ மூக்குக்கண்ணாடியையோ வாசலில் வைத்துவிட்டு வரச் சொல்வோமா? எம்.சி.ஆர். செருப்பை மட்டும் எப்படிச் சொல்கிறோம்?

3. பண்பாடு என்கிறீர்கள். பண்பாட்டில் பாதியைத்தான் வைத்திருக்கிறீர்கள்.

பழைய வீட்டின் வாசலை நினைத்துப் பாருங்கள். முதலில் திண்ணை. வெயிலில் நடந்து வந்தவர் உட்கார ஓர் இடம். உட்கார்ந்தபடியே செருப்பைக் கழற்றலாம். சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் தள்ளாட வேண்டாம். அடுத்து ஒரு செம்புத் தண்ணீர், கால் கழுவ. அதற்கும் அடுத்து ஒரு செம்பு, குடிக்க. வந்தவர் செருப்பை விட்டார். வீட்டுக்காரர் இடமும் தண்ணீரும் கொடுத்தார். இரண்டும் சேர்ந்துதான் அந்த வழக்கம்.

இன்று திண்ணை போய்விட்டது. செம்பும் போய்விட்டது. வாசலில் உட்கார முக்காலிகூடக் கிடையாது. வீட்டுக்காரர் தன் பங்கைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிட்டார். விருந்தாளியின் பங்கு மட்டும் பலகையில் எழுதித் தொங்குகிறது. இதை முன்னோர் வழக்கம் என்று சொல்வது முன்னோர்மேல் பழி போடுவது.

தரையும் மாறிவிட்டது. அன்று சாணம் மெழுகிய தரை, மண் தரை. காலைப் பிடித்து நிறுத்தும். இன்று முகம் பார்க்கும் அளவுக்கு வழவழக்கும் டைல்ஸ். துடைத்த ஈரம் காயுமுன் அதில் காலுறையோடு நடக்கும் எழுபத்தைந்து வயதுக்காரர் விழுந்தால் இடுப்பெலும்பு போகும். அவர் போட்டு வந்த ரப்பர் அடிச் செருப்பு அவரை நிறுத்தியிருக்கும்.

"வீடு கோயில் மாதிரி" என்பவர்களிடம் கேட்கிறேன்: கோயில் என்ன செய்கிறது என்று பார்த்தீர்களா? கோடையில் பல கோயில்களில் பிராகாரத்தில் தேங்காய்நார் விரிப்புப் போடுகிறார்கள்; தண்ணீர் தெளிக்கிறார்கள்; வெயில் விழும் கல்லுக்கு வெள்ளை பூசுகிறார்கள். செருப்பைக் கழற்றச் சொன்ன கோயில், கழற்றிய காலை நினைத்துக் கவலைப்படுகிறது. நம் வீடுகள் கோயிலிடமிருந்து கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டன.

4. "ஜப்பானைப் பாருங்கள்!" பார்க்கலாம், முழுதாகப் பார்க்கலாம்.

இந்த விவாதம் எங்கே நடந்தாலும் ஐந்தாவது நிமிடத்தில் ஜப்பான் வந்துவிடும். அங்கே வீட்டு வாசலுக்குள் கென்கான் என்று ஓர் இடம் உண்டு. வீட்டுத் தரையைவிட ஒரு படி தாழ்வாக இருக்கும். காலணி அங்கேயே நின்றுவிடும். உண்மைதான். ஆனால் படி ஏறியதும் விருந்தாளிக்காக ஒரு ஜோடி உள்செருப்பு காத்திருக்கும். கழிப்பறைக்குத் தனியாக இன்னொரு ஜோடி. பாய் விரித்த தத்தாமி அறையில்தான் உள்செருப்பையும் கழற்றுவார்கள். அங்கே காலுக்கு அடியில் இருப்பது மெத்தென்ற வைக்கோல் பாய். ரஷ்யாவிலும் தெருக் காலணியைக் கழற்றச் சொல்வார்கள். வருபவர்களுக்கென்றே தாப்கி எனும் வீட்டுச் செருப்புகளை வைத்திருப்பார்கள்.

அங்கெல்லாம் விதி "தெருச் செருப்பை விடு, வீட்டுச் செருப்பைப் போடு" என்பது. நம் வாசலில் அது "செருப்பை விடு" என்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு நாட்டை மேற்கோள் காட்டினால் முழு வாக்கியத்தையும் காட்ட வேண்டும். ஜப்பானைச் சொல்லும் வீடுகளில் எத்தனை வீட்டில் விருந்தாளிக்கென ஒரு ஜோடி செருப்பு இருக்கிறது?

5. "விதி எல்லாருக்கும் ஒன்றுதான்" என்பது உண்மையே அல்ல.

உங்கள் வீட்டுக்கே வந்த ஆட்களை நினைத்துப் பாருங்கள். மேலதிகாரி வந்தார், ஷூவின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். "ஐயோ, பரவாயில்லை சார், அப்படியே வாங்க!" என்று ஓடினோம். காவலர் பூட்ஸோடு கூடம் வரைக்கும் வந்தார், வாய் திறக்கவில்லை. ஓட்டுக் கேட்டு வந்த தலைவர் கூட்டத்தோடு உள்ளே வந்தார், படம் எடுத்துக்கொண்டோம். அதே வாசலுக்கு 14.2 கிலோ எரிவாயுவும் இரும்பும் சேர்ந்து கிட்டத்தட்ட 30 கிலோ உருளையைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி ஒருவர் வந்தார். "செருப்பு, செருப்பு!" என்று கத்தினோம். அவர் ஒரு தோளில் சுமையோடு, ஒரு காலால் மறுகாலின் செருப்பைத் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு சமையலறைக்குப் போனார். உருளை நழுவினால் விரலில்தான் விழும்.

ஆக, விலக்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்தஸ்தைப் பார்த்துக் கொடுக்கிறோம், தேவையைப் பார்த்துக் கொடுப்பதில்லை.

எலக்ட்ரீஷியனையும் இதில் சேர்க்க வேண்டும். கையில் பட்ட மின்சாரம் தரைக்கு இறங்க வழி தேடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் உடல் அதற்கு நல்ல வழி. காய்ந்த ரப்பர் அடி அந்த வழியை மறிக்கிறது. தரை அழுக்காகக் கூடாது என்று அவர் செருப்பைக் கழற்றச் சொல்லும்போது, அவருடைய பாதுகாப்புக் கருவியைப் பிடுங்குகிறோம் என்பது நமக்கு உறைப்பதில்லை.

ஏன் உறைப்பதில்லை? யாருடைய காலில் செருப்பு இருக்கலாம் என்பது இந்த மண்ணில் வெறும் சுத்தம் பற்றிய கேள்வியாக என்றுமே இருந்ததில்லை. ஊர்த்தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று தலித் மக்களைக் கட்டாயப்படுத்திய கிராமங்கள் தமிழ்நாட்டில் இருந்தன. 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-ல் திருத்தியபோது, பொது இடத்தில் செருப்பு அணிய விடாமல் தடுப்பதையும் அதில் குற்றமாக எழுத வேண்டியிருந்தது. 2020 பிப்ரவரியில் முதுமலையில், அப்போதைய வனத்துறை அமைச்சர் தன் செருப்பைக் கழற்ற ஒரு பழங்குடிச் சிறுவனை அழைத்ததைத் தமிழ்நாடே பார்த்தது. அவர் வருத்தம் தெரிவிக்க வேண்டிவந்தது. செருப்பைக் கழற்றச் சொல்கிற எல்லாரும் சாதி பார்க்கிறவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படி ஒரு வரலாறு உள்ள ஊரில், உழைக்க வந்தவரின் செருப்பை மட்டும் அதட்டிக் கழற்றவைக்கும் விதியைச் சமத்துவம் என்று சொல்லக் கூடாது.

6. "காரணத்தைச் சொன்னால் விட்டுவிடுவோமே!" ஏன் அவர் சொல்ல வேண்டும்?

இருப்பதிலேயே நியாயமாகத் தோன்றும் வாதம் இதுதான். இருப்பதிலேயே அதிகம் புண்படுத்துவதும் இதுதான். வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள். அவர்கள் நடுவே ஒருவர் நின்று, "எனக்குக் கால் மரத்துப்போச்சு" என்று அறிவிக்க வேண்டும். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அப்பா தன் நோயை வாசலிலேயே சொல்வாரா? தொழுநோய் குணமானவர்களின் நிலை இன்னும் கொடியது. அந்தக் கறுப்பு எம்.சி.ஆர். செருப்பே தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சி அதைப் போடாமல் விட்டவர்கள் உண்டு. காலைக் காப்பாற்ற வந்த செருப்பையே மறைக்கிறவர்கள், அதற்காக வாசலில் நின்று வாதாடுவார்களா?

மாட்டார்கள். என் சித்தப்பா வாதாடவில்லை. ஒரு கணம் பார்த்தார், குனிந்தார், கழற்றினார். நம் மக்கள் அடுத்தவர் வீட்டில் சங்கடத்தைவிடக் காயத்தைத் தாங்கிக்கொள்வார்கள். அதனால்தான் விலக்கைக் கேட்கும் சுமையை வருபவர்மேல் வைக்கக் கூடாது. அழைத்தவர்தான் முந்திக்கொண்டு கொடுக்க வேண்டும்.

கடைசியாக மிஞ்சுவது ஒன்று: "என் வீடு, என் விதி." ஆம், உங்கள் வீடுதான், உங்கள் உரிமைதான். ஆனால் பத்திரிகை கொடுத்து அழைத்தவர் நீங்கள். குழாய் ஒழுகுகிறது என்று போன் செய்து வரவழைத்தவர் நீங்கள். அழைத்த பிறகு, வந்த காலுக்கு நீங்கள் பொறுப்பு. உரிமையைக் காட்டி அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. வாசலில் ஒரு நாற்காலி போடுங்கள். ஈரத் துணி ஒன்றும் காய்ந்த துணி ஒன்றும் வையுங்கள். சுத்தமான உள்செருப்பு இரண்டு ஜோடி வாங்கி வையுங்கள். உருளை வரும் நாளில் வாசலிலிருந்து சமையலறை வரை பழைய கோணிப்பையை விரித்துவிட்டால் அவர் செருப்போடு வந்து போகலாம். மின்வேலை நடக்கும் இடத்தில் செருப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். பெரியவர் யார் வந்தாலும், அவர் குனிவதற்குள், "செருப்போட வசதின்னா அப்படியே வாங்க" என்று சொல்லுங்கள். மேலதிகாரிக்குச் சொன்ன அதே குரலில் சொல்லுங்கள். பலகையை மாட்டியே ஆக வேண்டும் என்றால் அந்த வரியையும் அதில் எழுதுங்கள். மிதியடி என்ற ஒரே சொல் நம் மொழியில் செருப்பையும் குறிக்கிறது, வாசலில் கால் துடைக்கும் விரிப்பையும் குறிக்கிறது. ஒன்று காலைக் காக்கிறது, மற்றது வீட்டைக் காக்கிறது. இரண்டுக்கும் ஒரே வாசலில் இடம் இருக்கிறது.

போன மாதம் சித்தப்பா வந்திருந்தார். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். செருப்பின் அடியை நான் துடைத்தேன். "நீ எதுக்குடா இதெல்லாம்" என்றார். "வாங்க சித்தப்பா" என்றேன். வாரைப் பிரிக்காமலே எழுந்து, மூன்று விரல் மிஞ்சிய அந்தக் காலை ஊன்றி, கூடத்தைக் கடந்து வந்து உட்கார்ந்தார். டைல்ஸில் அங்கங்கே மங்கலாகச் சில தடங்கள் விழுந்திருந்தன. அவர் போன பிறகு துடைத்தேன். போய்விட்டன.